பெயரில்லாத மாத்திரைப் பொட்டலம்: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

அம்மா வீட்டில் தினமும் சாப்பிடும் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். முட்டி வலிக்கென்று கிளினிக்கில் வேளைக்கு நாலு மாத்திரையாகப் போட்டுக் கொடுத்த பொட்டலத்தை மட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்வரை தள்ளி வையுங்கள்.

பர்மாவில் பெகு பக்கத்துச் சின்ன ஊர்களில் டாக்டரே மருந்தும் கொடுப்பதால், பெரிய டப்பாவிலிருந்து எண்ணிப் போட்டுவிடுவார்கள், அட்டையும் வராது, பெயரும் வராது. முட்டி வலிக் கலவை என்றால் அநேகமாக டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை ஒன்று இருக்கும், கூடவே ஸ்டீராய்டும் இருக்கலாம். முதலாவது பிரஷரை ஏற்றும், வயிற்றையும் புண்ணாக்கும். இரண்டாவது சர்க்கரையை ஏற்றும். வாங்கிய அன்றே வலி பறந்துபோகும், அதனால்தான் ஊரே கைராசி டாக்டர் என்கிறது!

இன்றைக்கே ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல், அம்மா தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையோடு அதே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். "சயா (பர்மியத்தில் டாக்டரை மரியாதையாக அழைக்கும் சொல்), அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, இதில் உள்ள மருந்துகளின் பெயர்களை எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார். கூட்ட நேரத்தில் கேட்காதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும்.

ஒன்று முக்கியம். அம்மா இதே பொட்டலத்தை வாரக்கணக்கில் சாப்பிட்டு வந்திருந்தால் நான் மேலே சொன்னதுபோல் சட்டென்று தள்ளி வைக்கக் கூடாது, உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் அதை டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போனாலோ மூச்சு வாங்கினாலோ கிளினிக் வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.