டாலரை ‘ஷ்ராஃப்’ செய்தார்கள் என்றால் என்ன?

கேள்வி: 19ஆம் நூற்றாண்டில் சீனத் துறைமுகமான காண்டனிலிருந்து எழுதிய வணிகக் கடிதத்தை மொழிபெயர்க்கிறேன். வந்த டாலர்களை ‘ஷ்ராஃப்’ செய்ததாக அதில் வருகிறது. ‘எண்ணினார்கள்’ என்று போடலாமா?

பதில்: வேண்டாம், பொருள் கெட்டுவிடும். எண்ணுவது குமாஸ்தாவின் வேலை. ‘ஷ்ராஃப்’ செய்வது, காசு ஒவ்வொன்றும் நல்லதா கெட்டதா என்று பார்த்துப் பிரிப்பது. அதற்குத் தமிழில் அச்சொட்டான சொல் இருக்கிறது: நோட்டம் பார்ப்பது. ஒற்றனும் திருடனும் இன்று நோட்டம் விடுகிறார்களே, அதே நோட்டம்தான். காசு பார்த்துச் சொல்பவர் நோட்டக்காரர். சங்க காலத்தில் வண்ணக்கன்.

மூலம் அரபியின் ‘சர்ராஃப்’. அது பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்தது. நம்மிடம் சராப்பு ஆனது, ஆங்கிலேயர் வாயில் ஷ்ராஃப் ஆனது. 1886இல் வந்த, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைத் தனி வினையாகவே தருகிறது: பலவகை நாணயங்களைப் பிரித்து, கழிசலைத் தள்ளி, மீதிக்கு எவ்வளவு வட்டம் என்று முடிவு செய்வது. வட்டம் என்றால் தேய்ந்த காசுக்கும் வேற்றூர்க் காசுக்கும் பிடிக்கும் கழிவு. ஆட்களையோ குதிரைகளையோ தகவல்களையோ சலித்தெடுப்பதற்கும் இதே வினை வரும் என்கிறது அந்த அகராதி. ஆகவே பின்னால் வரும் பெயர் காசா, ஆளா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காண்டனில் அந்த நூற்றாண்டின் முற்பாதியில் பெரிதும் புழங்கியவை ஸ்பானிய வெள்ளி டாலர்கள். ஒன்று சுமார் 27 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. ஏமாற்றுகிறவர்கள் காசின் உள்ளே குடைந்து வெள்ளியை எடுத்துவிட்டு, மலிவான உலோகத்தை அடைத்து மூடிவிடுவார்கள். முகத்தைப் பார்த்தால் தெரியாது. விளிம்பில் ஒட்டின தடம் இருக்கும். சுண்டினால் கணீரென்னாமல் மந்தமாக ஒலிக்கும். நிறுத்தால் எடை பிசகும். தேறிய காசில் சிறு சீன முத்திரை குத்துவது வழக்கம். கைமாறக் கைமாறக் குத்து விழுந்து சில காசுகள் கிண்ணம்போல் குழிந்துபோயின. அவற்றை எண்ணிக்கையில் வாங்காமல் நிறுத்துத்தான் வாங்கினார்கள். உங்கள் கடிதத்தில் டாலர் கணக்கும் எடைக் கணக்கும் ஒத்துவராவிட்டால், காரணம் இதுவாக இருக்கலாம்.

இந்தியாவில் 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே ரூபாயைக் கொண்டுவந்ததும் வட்டக் கணக்கின் தேவை வெகுவாகக் குறைந்தது.

இன்னொரு எச்சரிக்கை. ஹாங்காங்கில் கார் நிறுத்துமிடங்களில் இன்றும் ‘ஷ்ராஃப்’ பலகை தொங்கும். அங்கே அது வெறும் பணம் கட்டும் இடம். அந்தப் பொருளை இந்தக் கடிதத்துக்குள் கொண்டுவராதீர்கள். ‘டாலர்களை நோட்டம் பார்த்து, தேறாதவற்றைத் தள்ளினார்கள்’ என்று எழுதுங்கள். ‘ஷ்ராஃபேஜ்’ என்று வந்தால் ‘நோட்டக் கூலி’.