ஹீமோபிலியா உள்ள பிள்ளைக்கு எக்ஸ்றே மட்டும் போதுமா?

கேள்வி: சாவகச்சேரியில் இருக்கிறோம். ஹீமோபிலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) உள்ள ஆறு வயது மகனுக்கு முழங்கால் அடிக்கடி வீங்குகிறது. எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா?

எக்ஸ்றேயை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். எனக்கும் ஹீமோபிலியா ஏ, அக்காவின் மகனுக்கும் அதுதான். எங்கள் குடும்பத்தில் அம்மாவழியாக வந்தது. யாழ்ப்பாணத்தில் மாமனும் மருமகனும் ஒரே கிளினிக்குக்குத்தான் போகிறோம்.

எக்ஸ்றே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். மூட்டுக்குள் இரத்தம் கசிந்தால் முதலில் கெடுவதோ உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு. இரத்தத்தில் உள்ள இரும்பு துருப்போல அதில் படியும். சவ்வு தடிக்கும், தடித்த சவ்விலிருந்து மறுபடியும் கசியும். அப்புறம் குருத்தெலும்பு தேயத் தொடங்கும். எக்ஸ்றேயில் எலும்புகளுக்கு இடையிலான வெளி குறைந்து தெரியும்போது காலம் கடந்திருக்கும். என் வலது முழங்கால் அப்படித்தான் போனது, இப்போது முழுதாக மடங்காது.

மருமகனுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். முழங்கால் சில்லுக்கு மேலே கருவியை வைத்ததும் திரையில் கறுப்பாக ஒரு பட்டை. "மாமா, அது என்ன?" என்றான். டொக்டர் மெல்ல அழுத்திக் காட்டினார். ஒரு பகுதி விலகி ஓடியது, ஒரு பகுதி அசையவில்லை. ஓடியது மூட்டுக்குள் சேர்ந்த திரவம், அசையாதது தடித்த சவ்வு என்று விளங்கப்படுத்தினார். கதிர்வீச்சு இல்லை, பிள்ளை தாயின் மடியிலேயே இருக்கலாம்.

மூட்டின் ஆழமான பகுதி அதில் சரியாகத் தெரியாது. அதற்கும் படிந்த இரும்பைப் பார்ப்பதற்கும் எம்.ஆர்.ஐ.தான் சிறந்தது. ஆனால் நெடுநேரம் அசையாமல் படுக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்தும் தேவைப்படலாம். ஆகவே முதலில் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்பதைக் குருதியியல் மருத்துவர் சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்கானுக்காகப் பக்டர் ஊசியை, அதாவது இரத்தம் உறைய உதவும் ஊசியை, தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் கண்டி வீதியில் பஸ்ஸில் வரும் நேரத்திலும் கசிவு நிற்காது. தலையில் அடிபட்டால் முதலில் பக்டர், பிறகுதான் சி.ரி. ஸ்கான். நோயின் வகையும் பக்டர் அளவும் எழுதிய அட்டை பிள்ளையின் பையில் எப்போதும் இருக்கட்டும், அவசரப் பிரிவில் அதை முதலில் நீட்டுங்கள்.

அடிவயிறு நோகுது, காலை நீட்ட முடியவில்லை என்று பிள்ளை சொன்னாலும் அந்த அட்டையைக் காட்டுங்கள். குடல்வால் அழற்சி என்று எண்ணத் தோன்றும். இடுப்பின் உட்தசைக்குள் இரத்தம் கசிந்தாலும் இப்படித்தான் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கவும் அல்ட்ராசவுண்ட் உதவும்.