லாரியின் பக்கவாட்டு இண்டிகேட்டர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐரோப்பாவில் நீண்ட லாரிகள் திரும்பும்போது பக்கவாட்டில் வரிசையாக மஞ்சள் விளக்குகள் மின்னுகின்றன. அது சட்டமா, அலங்காரமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: சட்டம்தான். விளக்குகளைப் பொருத்துவது பற்றிய ஐ.நா. 48ஆம் விதி அதைச் சொல்கிறது. முன் இண்டிகேட்டர் எதிரே வருபவருக்கு, பின் இண்டிகேட்டர் பின்னால் வருபவருக்கு. வண்டியின் நடுப்பகுதிக்கு நேராக சைக்கிளில் போகிறவருக்கு இரண்டுமே தெரியாது. லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை விட்டு உட்புறமாக வெட்டி வரும். அதில் சிக்குபவரும் அவரே.

முன்பக்கத்துப் பக்கவாட்டு இண்டிகேட்டர், வண்டியின் முன்முனையிலிருந்து 1,800 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சிறிய வண்டிகளுக்கான 5ஆம் வகை விளக்குக்கு 0.6 கேண்டெலா (ஒளிச்செறிவின் அளவு) போதும். பெரிய வண்டிக்கான 6ஆம் வகைக்குக் குறைந்தது 50 கேண்டெலா வேண்டும். நீளம் 9 மீட்டரைத் தாண்டினால், இந்த முன்பக்கத்து விளக்கு போக, ஒவ்வொரு பக்கமும் கூடுதலாக மூன்று 5ஆம் வகை விளக்குகள், முடிந்தவரை சம இடைவெளியில். 6 முதல் 9 மீட்டர் வரை உள்ள வண்டிக்குக் கூடுதலாக ஒன்று, அதுவும் விருப்பப்பட்டால். வண்டியின் நீளம் இரவில் தெரிய பக்கவாட்டில் எரியும் மஞ்சள் மார்க்கர் விளக்குகளில் குறைந்தது மூன்று, இண்டிகேட்டரோடு ஒரே நேரத்தில் மின்னினால், தனி விளக்கு தேவையில்லை.

நம் நாட்டு வாகன விளக்குகளுக்கான ஏ.ஐ.எஸ். 008 தரமும் இந்த விதியின் சாயலில் வந்ததுதான். ஆனால் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் உங்கள் வண்டியின் ஒப்புதலில் உள்ளபடிதான் பார்ப்பார்கள். அதை மீறி இஷ்டத்துக்கு விளக்கு சேர்க்காதீர்கள்.

கேள்வி: மார்க்கர் விளக்கையே இண்டிகேட்டரோடு மின்ன வைக்க, இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினேன். இப்போது நம்பர் பிளேட் விளக்குகூட மின்னுகிறது!
- பாடி கட்டுபவர், திருச்செங்கோடு

பதில்: இண்டிகேட்டர் மின்சாரம் பார்க்கிங் லைனுக்குள் (மார்க்கர், நம்பர் பிளேட் விளக்குகளுக்குப் போகும் வயர்) திரும்பிப் போகிறது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு போட்டால் அது நிற்கும். ஆனால் இரவில் பார்க்கிங் மின்சாரம் மார்க்கரை எரியவிட்டபடியே இருப்பதால் மின்னாது. மார்க்கரின் எர்த்தைக் கழற்றி, பார்க்கிங்குக்கும் இண்டிகேட்டருக்கும் நடுவில் கட்டும் பழைய தந்திரமும் வேண்டாம்: பகலில் சரியாக மின்னும், இரவில் இண்டிகேட்டர் எரியும்போது மார்க்கர் அணையும். விதி கேட்பது ஒரே நேரத்தில் எரிந்து அணைவதை. பார்க்கிங், இண்டிகேட்டர், எர்த் என மூன்று வயர் உள்ள எல்.இ.டி. மார்க்கர்களை வாங்குங்கள். கொஞ்சம் செலவுதான், ஆனால் வயரிங்கில் மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

கேள்வி: 24 வோல்ட் டிரெய்லரில் எல்.இ.டி. மாற்றியதும் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது. ஏன்?
- வாசகர், சங்ககிரி

பதில்: 21 வாட் பல்பு ஏறக்குறைய 0.9 ஆம்பியர் இழுக்கும். எல்.இ.டி. இழுப்பது அதில் சிறு பங்கு. பல்பு போய்விட்டது என்று பிளாஷர் (இண்டிகேட்டரை மின்ன வைக்கும் ரிலே) முடிவு கட்டி வேகத்தைக் கூட்டுகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைதான் மின்னலாம். 30 விநாடி எண்ணிப் பாருங்கள், 60க்கு மேல் போனால் தவறு.

முதலில் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேகமென்றால் பெரும்பாலும் அதுதான், அல்லது உண்மையிலேயே ஒரு விளக்கு போயிருக்கும். லாரியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு பின் சாக்கெட்டில் 1 வெள்ளை, எர்த். 3 மஞ்சள், இடது. 5 பச்சை, வலது. 1ஆம் பின் துருப்பிடித்தால் மின்சாரம் மற்ற விளக்குகள் வழியே வழி தேடும்; பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்குவது அதன் அடையாளம்.

எர்த் சரி, இரு பக்கமும் வேகம் என்றால் எல்.இ.டி.க்கான பிளாஷர் மாற்றுங்கள். அதில் விளக்கு செயலிழந்தால் எச்சரிக்கை வருமா என்று கேட்டு வாங்குங்கள், எல்லாவற்றிலும் வராது. பல்பு அளவுக்கு மின்சாரம் இழுக்க ரெசிஸ்டர்தான் போடுவேன் என்றால், விளக்குக்குப் பக்க இணைப்பாக 27 ஓம், 50 வாட். 28 வோல்ட்டில் 29 வாட் சூடு இறங்கும். சேசிஸ் இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டிக் லென்ஸ், வயர் கட்டு பக்கத்தில் வைத்தால் உருகிவிடும்.