கடல் கடக்கும் சாமான்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எழுதியவை. எந்த நாட்டுக்குப் போகிறோம் என்றே குறிப்பிடாத கடிதங்களை வழக்கம்போல் ஒதுக்கி வைத்துவிட்டேன். அவற்றில் ஒன்றை மட்டும், மற்றவர்களுக்கு உதவும் என்பதால், முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான்களை வெளிநாட்டுக்கு அனுப்ப என்ன செலவாகும்? – திருவாரூர் வாசகர்

நாடு, துறைமுகம், சாமான்களின் அளவு ஆகிய எதையும் எழுதாமல் விலை கேட்பது, பேருந்தில் ஏறி நடத்துனரிடம் "ஊருக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்பதைப் போன்றது. கப்பலில் பகிர்வு கன்டெய்னருக்கு, அதாவது பலருடைய சாமான்களைச் சேர்த்து ஏற்றும் பெட்டகத்துக்கு, கன மீட்டர் கணக்கில்தான் காசு. ஒரு கன மீட்டர் என்பது ஏறக்குறைய 35 கன அடி. டேப்பை எடுத்து ஒவ்வொரு பொருளின் நீள, அகல, உயரத்தையும் அளந்து பெருக்கிக் கூட்டுங்கள். மொத்தம் 15 கன மீட்டருக்குக் குறைவாக வந்தால் பகிர்வு கன்டெய்னர் போதும். அதற்கு மேல் போனால் 20 அடி கன்டெய்னரைத் தனியாக எடுப்பதற்கும் விலை கேளுங்கள். அதன் உள்ளளவு 33 கன மீட்டர் என்று சொல்வார்கள். அடுக்கினால் 28 கொள்ளும்.

விமானத்தில் அனுப்புவதாக இருந்தால் எடை மட்டும் கணக்கில்லை. 60 x 50 x 40 சென்டிமீட்டர் பெட்டியில் நீங்கள் தலையணையை வைத்தாலும், கன அளவை 6000-ஆல் வகுத்து 20 கிலோ என்றுதான் பில் போடுவார்கள். கூரியர்காரர்கள் 5000-ஆல் வகுத்து 24 கிலோ என்பார்கள். விலைப்புள்ளி கையில் வந்ததும், போய்ச் சேரும் துறைமுகத்தின் கையாளும் கட்டணமும் சுங்க அனுமதிச் செலவும் அதில் அடங்கியிருக்கின்றனவா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்னையில் மலிவாகப் பேசி அனுப்பிவிட்டு, இறக்குமிடத்தில் அதே அளவு தொகையை மறுபடி கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெட்கிரைண்டரை நியூஜெர்சிக்கு எடுத்துச் செல்லலாமா? – மயிலாடுதுறை வாசகி

வேண்டாம். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்குள்ள மின்சாரத்துக்கேற்ற கிரைண்டர் அங்குள்ள இந்தியக் கடைகளிலேயே கிடைக்கிறது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக உள்ளது. மனைவியின் பாஸ்போர்ட்டில் என் பெயர் குடும்பப் பெயராக உள்ளது. மகனின் பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டுமே இருக்கிறது. மூவரும் விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். சிக்கல் வருமா? – மன்னார்குடி வாசகர்

வரும். முப்பது ஆண்டுகளாக நான் கத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒருவர் மா. கோ. செல்வகுமார் என்றால், மன்னார்குடி, கோவிந்தராஜ் மகன், செல்வகுமார் என்று எல்லோருக்கும் புரியும். பாஸ்போர்ட் அலுவலகம் இனிஷியலை ஏற்பதில்லை. விரித்து எழுதச் சொல்லும். விரிக்கும்போது ஒருவர் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார், இன்னொருவர் தந்தை பெயரை மட்டும் வைக்கிறார், மூன்றாமவர் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும் கணினி மையத்துப் பையன் போட்டதே போதும் என்று விட்டுவிடுகிறார். விளைவாக, ஒரே வீட்டில் தந்தையின் குடும்பப் பெயர் கோவிந்தராஜ், தாயின் குடும்பப் பெயர் செல்வகுமார், திருமணத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்த தங்கைக்குக் குடும்பப் பெயரே இல்லை என்ற நிலை உண்டாகிறது. ஒட்டாவாவிலோ லண்டனிலோ கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு இவர்கள் மூவரும் ஒரு குடும்பம் என்று காகிதத்தைப் பார்த்துத் தெரியப்போவதில்லை.

குடும்பப் பெயர் அல்லது முதற்பெயர் காலியாக இருப்பவர்களின் பாடு இதைவிட மோசம். அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பிறகு அதே மூன்றெழுத்து ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் ஏறி, அலுவலகத்தில் அவரைத் 'திரு. ஃப்னு' என்று அழைக்கும் நிலை வந்துவிடுகிறது. ஐக்கிய அரபு அமீரகமோ 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்ற விளக்கம் அதன் பிறகுதான் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் மற்ற எல்லாவற்றையும்விட அதைத் திருத்துவதுதான் கடினம். அதன்படி தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யத் தஞ்சாவூர் சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்; திருச்சி மண்டல அலுவலகம் அதை முடித்துத் தரும். மகனின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரும் தாயின் பெயரும், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் நகராட்சியில் திருத்தம் கேளுங்கள். திருமணத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். கோயிலில் கொடுத்த ரசீதும் கல்யாண ஆல்பமும் பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகா. கோவிந்தராஜ் ஓரிடத்தில் கோவிந்தராஜனாகவும் இன்னோரிடத்தில் கோவிந்தராஜுலுவாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிய உறுதிமொழிப் பத்திரம் துணை ஆவணமாகத்தான் நிற்கும். அதையே முதன்மை ஆவணமாக நீட்டாதீர்கள். இவை எல்லாம் முடிந்த பிறகு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது விண்ணப்பித்தால், பழைய பெயரில் விசாவும் புதிய பெயரில் பாஸ்போர்ட்டும் வந்து நிற்கும்.

இந்த வம்பு சாமான் பெட்டி வரை தொடரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் இதே தொழிலில் இருந்த நானே, என் மகளுக்கு அனுப்பிய முதல் சரக்கின் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டு) பெறுநர் பெயரை இனிஷியலோடு போடவிட்டேன். அவளுடைய பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது. பெயரைத் திருத்தி வாங்க பதினொரு நாள் ஆயிற்று. அத்தனை நாளுக்கும் துறைமுகத்தில் தாமதக் கட்டணம் கட்டினேன். பெட்டிக்குள் இருந்தவை இரண்டு புடவை அடுக்கும் ஒரு நாச்சியார்கோவில் குத்துவிளக்கும்.

அந்தக் குத்துவிளக்கையே கேட்கிறேன், நான்கடி உயரம். கனடாவுக்கு எப்படி அனுப்புவது? – கும்பகோணம் வாசகி

திருகிக் கழற்றுங்கள். அன்னம், தட்டு, தண்டு, பாதம் ஆகியவற்றை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துலக்கிக் காயவைத்து, தனித்தனியாகச் சுற்றி, பாதத்தைப் பெட்டியின் அடியில் வையுங்கள். கனடாவில் குடியேறுகிறவர்கள் பின்னால் வரப்போகும் சாமான்களின் பட்டியலை, முதன்முதலாகப் போய் இறங்கும்போதே எல்லைச் சுங்க அதிகாரியிடம் கொடுத்து முத்திரை பெற வேண்டும். பட்டியலில் இல்லாத விளக்கு பின்னால் வந்தால் வரி கட்டச் சொல்லலாம். பட்டியலின் அசல் கைப்பையில் இருக்கட்டும். எந்த அசல் ஆவணத்தையும் அனுப்பும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

பாட்டனார் காலத்துத் தஞ்சாவூர் ஓவியமும் ஒரு பஞ்சலோகச் சிலையும் உள்ளன. கேட்டால் புதியவை என்று சொல்லிக்கொள்ளலாமா? – திருவையாறு வாசகர்

கூடாது. நூறாண்டுக்கு மேற்பட்டவை தொல்பொருள்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் எவரும் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. சுவாமிமலையில் போன மாதம் வார்த்த சிலையாகவே இருந்தாலும், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பெற்றுக்கொள்வது நல்லது. பாட்டனாருடையதைத் தம்பி வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

மகளின் வீணையைக் கப்பலில் போடலாமா? அம்மா வாசித்த பழைய வீணை. – தஞ்சாவூர் வாசகி

கப்பலில் போடாதீர்கள். வெயிலில் நிற்கும் கன்டெய்னருக்குள் வெப்பம் ஐம்பது டிகிரியைத் தாண்டும். வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கட்டைகளும், மெழுகில் நிற்பவை. மெழுகு இளகினால் மெட்டுகள் சாய்ந்து, பிரித்துப் பார்க்கும்போது தண்டி மீது கரி பூசினாற்போல் வழிந்திருக்கும். போகிற இடத்தில் மெட்டுக்கட்ட ஆள் கிடைப்பது அரிது. விமானத்திலேயே கொண்டுபோங்கள். கெட்டி உறைப்பெட்டி வாங்கி, தந்திகளின் முறுக்கைத் தளர்த்தி, குடத்துக்கும் யாளி முகத்துக்கும் தனித்தனியாகப் பஞ்சணை கொடுங்கள். பாகங்களைத் தனித்தனியாகச் செய்து இணைத்த ஒட்டு வீணையாக இருந்தால் ஒட்டுள்ள இடத்தில் கூடுதல் தாங்கல் வேண்டும்.

பழைய வீணை என்றதால் இன்னொன்று. அலங்கார வேலையில் தந்தமோ மான்கொம்போ பதித்திருக்கிறதா என்று வீணை செய்பவரிடம் காட்டிக் கேளுங்கள். இருந்தால் அதைப் பிரித்து எடுத்து வேறு பதிக்காமல் விமான நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் தாத்தா பாட்டி கணக்கெல்லாம் எடுபடாது.

அமெரிக்காவில் உள்ள மகளுக்கு மாப்பிள்ளைச் சம்பா பத்து கிலோவும் கறிவேப்பிலையும் கொண்டுபோகலாமா? – பாபநாசம் வாசகர்

இரண்டும் கூடாது. தானியத்தில் வரும் காப்ரா வண்டுக்குப் பயந்து, இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதை அவர்கள் தடை செய்திருக்கிறார்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால், அவர்களுடைய ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் வரும் என்ற அச்சம். வற்றல், வடகம், பொடி எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். எழுதிக் காட்டினால் பொருள் போகலாம். மறைத்தால் அபராதம் வரும்.

துபாய்க்குக் குருமா மசாலா அரைத்து எடுத்துச் செல்கிறேன். கசகசா சேர்த்தது பரவாயில்லையா? – அய்யம்பேட்டை வாசகி

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். வளைகுடா நாடுகளில் கசகசா போதைப்பொருள் பட்டியலில் உள்ளது; அதற்காகச் சிறை போனவர்கள் இருக்கிறார்கள். பொடியைக் கொட்டிவிட்டு, கசகசா இல்லாமல் மறுபடி அரையுங்கள். டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகளுக்கும் அங்கே முன் அனுமதி வேண்டும்.

ஏஜென்ட் ஒன்றே கால் லட்சம் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போ, பிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். – முத்துப்பேட்டை வாசகர்

போகாதீர்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மீது ஜி.எஸ்.டி.யும்தான், அதுவும் ரசீதோடு. முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காததால் உங்களுடையது ஈ.சி.ஆர். (குடியகல்வுச் சோதனை தேவைப்படும்) பாஸ்போர்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் குடியகல்வு அனுமதி இல்லாமல் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக வழியில்லை. விசிட் விசா யோசனை அந்த அனுமதியைச் சுற்றிக்கொண்டு போவதற்குத்தான். அப்படிப் போனவருக்குப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, சம்பளம் வராவிட்டால் முறையிட ஒரு காகிதமும் கிடையாது. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

தேக்கு ஊஞ்சலை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப, நம் ஆசாரியே மாமரப் பலகையில் பெட்டி அடித்துத் தருகிறார். சரியா? – சீர்காழி வாசகர்

ஊஞ்சல் போகலாம், பெட்டிதான் போகாது. பொருள் கட்டும் மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தி, சர்வதேச முத்திரை குத்தியிருக்க வேண்டும். பச்சை மாம்பலகைக்கு அந்த முத்திரை கிடைக்காது. பதப்படுத்திய பலகையை வாங்கிக்கொடுத்து அடிக்கச் சொன்னாலும் முத்திரை குத்தும் உரிமை ஆசாரிக்கு இல்லை. உரிமம் பெற்ற பேக்கிங் நிறுவனத்திடம் செய்யுங்கள். ஊஞ்சல் பலகையில் பூச்சித் துளை இருந்தால் அங்கே இறங்கியதும் புகையிட்டு அதற்கும் பில் அனுப்புவார்கள். சங்கிலியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். துடைப்பமும் முறமும் வேண்டவே வேண்டாம்.

இங்கிலாந்தில் உள்ள கணவரிடம் போகிறேன். எதை முதலில் செய்வது? – பட்டுக்கோட்டை வாசகி

காசநோய்ப் பரிசோதனை. அவர்கள் அங்கீகரித்த மருத்துவமனையில் மட்டும் எடுக்க வேண்டும். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். சாமான்களுக்கு வரிவிலக்கு வேண்டுமானால், பெட்டி போய்ச் சேருவதற்கு முன்பே குடிபெயர்வுச் சலுகைக்கு விண்ணப்பித்து எண் வாங்குங்கள். பொருள்கள் ஆறு மாதமாவது நீங்கள் வைத்திருந்து பயன்படுத்தியவையாக இருக்க வேண்டும். நெய் டப்பாவை விட்டுச் செல்லுங்கள், பால் பொருள்களுக்கு அனுமதி இல்லை.

பெட்டிகளை நாங்களே கட்டினால் காப்பீடு செல்லாதா? – வேதாரண்யம் வாசகர்

பெரும்பாலான பாலிசிகளில், உரிமையாளரே கட்டிய பெட்டி முழுதாகத் தொலைந்தால்தான் பணம். உள்ளே உடைந்ததற்குக் கிடைக்காது. கண்ணாடியையும் பீங்கானையும் நிறுவனத்தாரிடம் விட்டுவிட்டு, துணியையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டுங்கள். பட்டியலில் 'இதர சாமான்கள்' என்று எழுதாதீர்கள். சுங்க அதிகாரி முதலில் பிரிக்கச் சொல்வது அந்தப் பெட்டியைத்தான்.

மெல்போர்ன் விசா வந்துவிடும் என்று நம்பி ஏழு பெட்டிகளை அனுப்பிவிட்டோம். கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பிவிட்டது, விசா வரவில்லை. மூன்றாவது பெட்டியில் பட்டச் சான்றிதழ்களின் அசல் இருக்கிறது. என்ன செய்வது? – தஞ்சாவூர் வாசகர்

விசா கைக்கு வருவதற்கு முன் பெட்டியைக் கட்டாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். நீங்கள் அங்கே போய் இறங்காமல், வீட்டுச் சாமான் என்ற சலுகையில் பெட்டிகளை விடுவிக்க முடியாது. அதுவரை கிடங்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ கப்பல் மாற்றுவதாக இருந்தால், அங்கேயே நிறுத்தி வைக்க முடியுமா, திருப்பி அனுப்ப என்ன ஆகும் என்று முகவரிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள். இரண்டு தொகைகளையும் வைத்துப் பார்த்தே முடிவெடுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு தவறின் மேல் இன்னொரு தவறு செய்துவிடாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டால், தொலைந்துபோனதற்குக் காவல் நிலையச் சான்று கொண்டுவரச் சொல்வார்கள். தொலையாததைத் தொலைந்தது என்று எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களிடம் உள்ள ஸ்கேன் பிரதிகளைக் கொடுங்கள். விசா அலுவலகம் அசலைக் கேட்டால், அவை கப்பலில் வருகின்றன என்பதை உள்ளபடி எழுதி, பில் ஆஃப் லேடிங்கின் நகலையும் மூன்றாம் பெட்டியின் பொருள் பட்டியலையும் இணைத்து, கால அவகாசம் கேளுங்கள். பட்டியலில் அந்தச் சான்றிதழ்களை எழுதியிருக்கிறீர்கள்தானே?