வாசகர் கேள்வி – பதில்: நான்கு நாளில் இறுகும் அலுமினியம்

கேள்வி: கை தவறி விழுந்தாலே நெளிந்துபோகும் அலுமினியத்தில் 1914இலேயே ஆகாயக் கப்பல் கட்டினார்களாமே, எப்படி? (உயர்தர மாணவி, ஹட்டன்)

பதில்: சட்டி பானைக்கு வரும் அலுமினியம் ஏறத்தாழச் சுத்தமானது. இழுத்தால் 90 மெகாபஸ்கல் (இழுவிசையைத் தாங்கும் வலுவை அளக்கும் அலகு) அளவிலேயே அறும். செப்பலின் கப்பல்களின் சட்டத்துக்குப் போனது டியூராலுமின்: 4 வீதமளவு செம்பு, மக்னீசியமும் மங்கனீசும் அரை அரை வீதம், மிச்சம் அலுமினியம். வலு 400 மெகாபஸ்கலைத் தொடும். எடையோ உருக்கில் மூன்றிலொரு பங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஜேர்மனியின் அல்ஃபிரட் வில்ம் 1906இல் இதைத் தேடியது விமானத்துக்காக அல்ல, பித்தளைத் தோட்டா உறைக்கு மாற்றாக. சூடாக்கித் தண்ணீரில் தோய்த்ததும் உருக்கு உடனே இறுகும், இது இறுகவில்லை. வார இறுதி கழித்து அளந்தால், சும்மா கிடந்தபடியே இறுகியிருந்தது. சூட்டில் செம்பு அலுமினியத்துக்குள் கரைகிறது. சட்டென்று குளிர்வித்தால் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. பிறகு செம்பணுக்கள் மெல்ல மெல்லக் கூடி நுண்ணிய திட்டுகளாகி, உலோக அடுக்குகள் ஒன்றின் மேலொன்று வழுக்காமல் மறிக்கின்றன. இப்படியொரு விளக்கம் வந்ததே 1919இல்தான். அத்திட்டுகளை ஊடுகதிரால் உறுதிசெய்தது 1938இல். டியூராலுமினில் கட்டிய முழு உலோகப் பயணிகள் விமானமான யுங்கர்ஸ் எஃப் 13 பறந்ததோ, அந்த விளக்கம் வந்த அதே 1919இல். காரணம் தெரியும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் 1.5 மில்லிமீற்றர் தகடொன்று வாங்கினேன், விமானத் தகடு என்றார்கள். மடித்தால் வெடிக்கிறது. காஸ் சுவாலையில் காட்டினேன்; இளகியது, ஆனால் பழைய விறைப்பு திரும்பவில்லை. இது டியூராலுமின்தானா? (பட்டறைக்காரர், பண்டாரவளை)

பதில்: 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 10 கிராம் கோஸ்டிக் சோடாவைக் கரையுங்கள். சோடாவைத்தான் தண்ணீரில் போடவேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஐதரசன் கிளம்பும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஒரு துளியைத் தகட்டின் வெட்டுவாயில் விட்டு, ஐந்து நிமிடத்தில் கழுவுங்கள். கறுத்தால் செம்பு கலந்தது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. மேற்பரப்பில் மட்டும் விட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். 1920களின் கடைசியிலிருந்து விமானத் தகட்டின் இரு முகத்திலும் சுத்த அலுமினியம் போர்த்துவது வழக்கம். வெட்டுவாயில் நடுவே கறுப்பும் இரு ஓரத்திலும் மயிரிழை வெள்ளையும் தெரிந்தால், சொன்னவர் பொய் சொல்லவில்லை.

சுவாலைச் சூட்டில் செம்பு பருமணிகளாய் ஒதுங்கிவிட்டது. எத்தனை நாள் வைத்தாலும் இனி இறுகாது. மறுபடி கரைக்கவேண்டும். தகட்டை 495 பாகை செல்சியஸில் அரை மணிக்கு மேல் வைத்து, வெளியே எடுத்த சில விநாடிக்குள் குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். சுணங்கினால் செம்பு பாதி வழியிலேயே ஒதுங்கும். வெப்பமானி உள்ள மின்னுலை இல்லாமல் இறங்காதீர்கள்: அலுமினியம் உருகும்வரை சிவக்காது, கண்ணால் மட்டுக்கட்ட வழியில்லை. ஒரு பத்துப் பாகை ஏறினாலும் மணியோரங்கள் (உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள்) உள்ளுக்குள் உருகலாம். வெளியே பளபளவென்றிருக்கும், ஆனால் பலமிருக்காது.

மடிப்பதென்றால் தண்ணீரில் முக்கி எடுத்த கையோடு, அரை மணிக்குள் மடித்துவிடுங்கள். அப்போது மெழுகாய் வளையும். சாதாரண அறையில் நான்கு நாளில் பெரும்பகுதி இறுகிவிடும். உங்கள் பக்கக் குளிரில் ஓரிரு நாள் கூடவே விடுங்கள். வீட்டில் பதம் போட்ட தகட்டைப் பாரம் தாங்கும் இடத்தில் பூட்டவேண்டாம்.

கேள்வி: விமான ரிவெட்டுகளை (தகடுகளை இணைக்க அடிக்கும் தறையாணிகளை) ஐஸ் பெட்டியில் வைப்பது உண்மையா? ரிவெட்டுக்குப் பதில் காஸால் ஒட்டிவிட்டால் என்ன? (நுவரெலியா வாசகர்)

பதில்: உண்மைதான். சூடாக்கித் தண்ணீரில் முக்கி எடுத்த டியூராலுமின் ரிவெட் அறையில் கிடந்தால் இறுகி, அடிக்கும்போது தலை பிளக்கும். குளிரில் செம்பணுக்கள் நகர்வது தடைப்படும். உறைநிலைக்கு நன்றாகக் கீழே வைத்தால் நாட்கணக்கில் மென்மையாகவே நிற்கும். நுவரெலியாப் பனிக்காலம் போதாது. பகல் வெயில் ஏறியதும் காரியம் கெடும். எடுத்தவுடன் அடித்தால், அடித்த இடத்திலேயே இறுகிக்கொள்ளும்.

காஸ் ஒட்டு இதற்கு ஒத்துவராது: ஒட்டு ஆறும்போதே விரிசல் விடும், சுற்றிலும் பதம் போகும்.