சஸ்பென்ஷனும் பிரேக்கும் மாற்றிய காருக்கு இன்சூரன்ஸ் மறுக்கலாமா?

கேள்வி: கோவையில் தொழில் செய்கிறேன். 2010 நவம்பரில் பதிவான ஆடி டிடி கார் வைத்திருக்கிறேன். ஷாக் அப்சார்பர்களில் ஆயில் கசிய ஆரம்பித்ததால் 2022-இல் நான்கு சக்கரங்களுக்கும் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய செட்) போட்டேன். அதில் கார் 35 மில்லிமீட்டர் தாழ்ந்தது. முன்பக்கம் பெரிய பிரேக் டிஸ்க், அதைப் பிடித்து நிறுத்தும் நான்கு பிஸ்டன் காலிப்பர். டயர் அளவை மாற்றவில்லை. இதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லவும் இல்லை. 2025 செப்டம்பர் 14 இரவு அவிநாசி ரோட்டில் சிவப்பு சிக்னலுக்கு நின்றிருந்தபோது பின்னால் வந்த லாரி மோதியது. யாருக்கும் காயமில்லை. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) கொடுத்தார்கள். டேஷ் கேமரா பதிவு இருக்கிறது. 'அனுமதியற்ற மாற்றம், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு மீறல்' என்று சொல்லி கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். 6.80 லட்சம் ரூபாயைக் கையிலிருந்து போட்டு ரிப்பேர் செய்தேன். இப்போது ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போனால், பழையபடி மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் பழைய ஸ்பிரிங்கைப் போட்டுக் காட்டு என்கிறார்கள் நண்பர்கள். நான் செய்தது குற்றமா? பணம் கிடைக்குமா?

பதில்: கடிதத்தைப் படித்ததும் முதலில் தேதிகளைத்தான் பார்த்தேன். தனியார் காருக்கு ஆர்.சி. 15 வருடம் செல்லும். உங்களுடையது 2025 நவம்பரில் முடிந்தது, விபத்து செப்டம்பரில். இரண்டு மாத இடைவெளிதான், ஆனால் வழக்கே அதில்தான் உயிரோடு இருக்கிறது. தற்காலிகப் பதிவு காலாவதியான வாகனம் விபத்துக்குள்ளான ஒரு வழக்கில், செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் சாலையில் ஓட்டுவது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுவது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-இல் ஒரு கார் திருட்டு வழக்கிலும் அதையே உறுதி செய்தது. இதே விபத்து டிசம்பரில் நடந்திருந்தால் சொந்தச் சேதத்துக்கான கிளெய்மில் நான் பெரிய நம்பிக்கை கொடுத்திருக்க மாட்டேன். அதனால் புதுப்பித்து முடிக்கும்வரை காரை ரோட்டில் எடுக்காதீர்கள். பக்கத்துக் கடைக்குக்கூட வேண்டாம்.

இனி நிராகரிப்புக் கடிதம். பிரிவு எண்ணைப் போட்டிருக்கிறார்கள், அந்த மாற்றத்துக்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். காயில்ஓவருக்குப் பதில் கம்பெனி ஸ்பிரிங் இருந்திருந்தாலும் லாரி இடித்துத்தான் இருக்கும். தனியார் உபயோகத்துக்கு இன்சூர் செய்த வாகனத்தை வாடகைக்கு விட்டிருந்த வழக்கில், நிபந்தனை மீறல் இருந்தாலும் கிளெய்மை முழுவதுமாகத் தள்ளக் கூடாது, 'நான் ஸ்டாண்டர்ட்' முறையில் தீர்க்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அந்த முறையில் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கிடைக்கும். உங்கள் வழக்கில் மீறலும் விபத்தும் ஒன்றையொன்று தொடவே இல்லை என்பதால் முழுத் தொகையையே கேளுங்கள். காயில்ஓவர், காலிப்பர் ஆகியவற்றின் விலையை மட்டும் விட்டுவிடுங்கள். அவற்றை அறிவித்துப் பிரீமியம் கட்டாதபோது அவற்றுக்கு இழப்பீடு கேட்பது நியாயமாக நிற்காது.

மாற்றத்தைச் சொல்லாமல் விட்டது உங்கள் தவறு, அதை மறைக்கப் பார்க்காதீர்கள். எழுதும்போதே, '2022-இல் மாற்றினேன், தெரிவிக்கவில்லை, விபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை' என்று எழுதுங்கள். சர்வேயர் ரிப்போர்ட்டின் நகல் கேட்டு வாங்குங்கள். இதே போன்ற ஒரு வழக்கில் என் கட்சிக்காரருக்கு உதவியது ரிப்போர்ட்டோடு வந்த ஒரு போட்டோதான். பின் பம்பர் உள்ளே அமுங்கி டிக்கி மூடி மடங்கியிருக்கிறது, பக்கத்தில் முன் சக்கரத்தின் சிவப்பு காலிப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கே இடித்தது, எதைக் காரணம் சொல்கிறார்கள் என்பது அந்த ஒரு படத்தில் தெரிந்தது. உங்கள் ரிப்போர்ட்டிலும் அப்படிப் படங்கள் இருக்கும்.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது மறுபடியும் மறுப்பு என்றால், மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரை விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அதை விட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம், அங்கே இரண்டு வருட அவகாசம். நான் குறைதீர்ப்பாளரிடம்தான் முதலில் போகச் சொல்வேன். அவர் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், பிடிக்காவிட்டால் உங்களுக்கு ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கும்.

நீங்கள் யோசிக்காமல் விட்ட வழி லாரி. அதன் தேர்ட் பார்ட்டி பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை காப்பு இருக்கும். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க 6,000 ரூபாய் காப்பு மட்டும் எடுத்திருந்தால், மீதிக்கு லாரி உரிமையாளரே பொறுப்பு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள். அதாவது 2026 மார்ச் 13-க்குள். உங்கள் கம்பெனியோடு கடிதப் போக்குவரத்து நடக்கிறதே என்று இதைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு இடத்திலும் கேட்கலாம், ஒரே சேதத்துக்கு இரண்டு முறை வாங்கத்தான் முடியாது. ஒரு மனுவில் மற்றதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

லாரித் தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததுதான்: 'பெரிய பிரேக் போட்ட கார், சடாரென்று பிடித்துவிட்டார்.' கோவையில் 2017-இல் நடந்த ஒரு விபத்து வழக்கில், நெடுஞ்சாலையில் எச்சரிக்கை கொடுக்காமல் திடீரென்று நிறுத்திய கார் ஓட்டுநர் மீதும் அலட்சியம் உண்டு என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கட்டாயம் காட்டுவார்கள். உங்களுக்கான பதில் டேஷ் கேமராவில் இருக்கிறது: சிக்னல் சிவப்பாகி, நீங்கள் நின்று, அதற்குப் பிறகு எத்தனை விநாடி கழித்து இடி விழுந்தது என்பது. மெமரி கார்டைக் கழற்றி பத்திரப்படுத்துங்கள், அந்தக் கார்டில் இனி எதையும் பதியாதீர்கள்.

சரி, செய்தது குற்றமா? 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் 52-ஆம் பிரிவின் அடியில் ஒரு விளக்கம் இருக்கிறது, பலர் அதுவரை படிப்பதில்லை. 'மாற்றம்' என்றால் வாகனத்தின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பை மாற்றுவது என்கிறது அது. ஆர்.சி.யில் எஞ்சின் எண், சேஸிஸ் எண், வீல்பேஸ், எடை, நிறம், எரிபொருள் எல்லாம் இருக்கும். காலிப்பரில் எத்தனை பிஸ்டன் என்று இருக்காது.

என் கருத்தில் உங்கள் பிரேக் மாற்றம் 52-ஆம் பிரிவுக்குள் வராது. ஏபிஎஸ், ஹேண்ட் பிரேக் எதையும் தொடவில்லை என்று வொர்க்‌ஷாப்பின் ஜாப் கார்டு சொல்ல வேண்டும், பார்ட் நம்பரோடு பில் வேண்டும். முன்பக்கத்தை மட்டும் பலப்படுத்தியதால் முன் பின் பிரேக் சமநிலை கெடவில்லை என்று சோதித்து எழுதி வாங்குங்கள். கெட்டிருந்தால் 52-ஐ விட 190-ஆம் பிரிவு ஆபத்து. சாதாரணக் கவனத்தில் தெரியக்கூடிய குறையோடு ஓட்டுவதற்கான தண்டனை அது.

தாழ்த்தியதை அந்த அளவுக்கு என்னால் வாதாட முடியாது. காரின் உயரம் மாறியிருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தாலே தெரியும், டயர் உரசுகிறதா என்று வீல் ஆர்ச்சுக்குள் கையை விட்டுப் பார்ப்பார் பிரேக் இன்ஸ்பெக்டர். 2019 தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு அவர் மறுத்தால் அதை ஆதாரமில்லாத மறுப்பு என்று சொல்ல முடியாது. உயரத்தைப் பழைய அளவுக்கே கொண்டு வாருங்கள், காயில்ஓவரில் அந்த அளவு கிடைக்காவிட்டால் உற்பத்தியாளர் குறித்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வாங்கிப் போடுங்கள். கசிந்ததற்குப் பதில் அதே வகைப் புதியதைப் போடுவது பராமரிப்பு, யாரும் கேள்வி கேட்க முடியாது.

நண்பர்கள் சொன்னதைச் செய்யாதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப மாற்றினால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வாய்ப்பையும் இழப்பீர்கள். அடுத்த விபத்தில் காயம்பட்ட ஒருவர் எதிரே நிற்கும்போது பழையதைப் போட்ட பில், திரும்ப மாற்றிய பில், இந்த இரண்டின் தேதிகளே உங்களுக்கு எதிரான சாட்சி.

உயரத்தைச் சரிசெய்த பிறகும் பிரேக்கைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுத்தால், வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். காரணத்தோடு எழுத்துப்பூர்வ உத்தரவு கேளுங்கள். அது கையில் கிடைத்த 30 நாளில் 57-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அந்த உத்தரவு, பில்கள், ஜாப் கார்டு, சர்வேயர் ரிப்போர்ட், சி.எஸ்.ஆர். நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் கொடுங்கள். முதலில் தீர்ப்பாய மனுவைத் தயார் செய்யச் சொல்லுங்கள். மார்ச் 13 அதற்குத்தான்.