பாசியை வளர்த்தால் போதாது, வாரி எடுக்கணும்

கேள்வி: அண்ணா, வணக்கம். வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நாலடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. இரண்டு க்ளவுன் மீன், நாலைந்து டாம்செல் மீன் இருக்கின்றன. கீழே தண்ணீர் சுத்தமாக ஓடித் திரும்புகிற மூன்றடி சம்ப் தொட்டி, அதன் நடு அறையில் பாக்டீரியா குடியிருப்பதற்கான பயோபால் என்ற பிளாஸ்டிக் உருண்டைகளை நிரப்பியிருக்கிறேன். வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவில்லை, பாறையெல்லாம் முடி முடியாகப் பாசி. ரெஃப்யூஜியம் வைத்தால் சரியாகுமா? எப்படி வைப்பது?
(வாசகர், களியக்காவிளை)

பதில்: சரியாகும் தம்பி, ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு வையுங்கள். மீனின் கழிவும் மிச்சத் தீவனமும் அழுகி நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் சேர்கிறது, பாசிக்கு அதுதான் உரம். ரெஃப்யூஜியம் என்ற சொல்லுக்கு அடைக்கலம் என்று பொருள். மீன் வாய் எட்டாத ஒரு தனி அறை, தொட்டித் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஓடித் திரும்பும். அங்கே நமக்கு வேண்டிய பாசியை நல்ல வெளிச்சத்தில் வளர்த்தால் உரத்தை அது முந்திக்கொண்டு இழுத்துக்கொள்ளும், மேலே பாறையில் இருக்கிற முடிப்பாசி பட்டினி கிடந்து மெல்லக் குறையும். மெல்ல என்றால் மாசக்கணக்கில், அவசரப்படாதீர்கள்.

சம்ப் இருப்பதால் பாதி வேலை முடிந்தது. நடு அறை 40க்கு 40 சென்டிமீட்டர் இருந்து, 23 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் 37 லிட்டர் வரும். 250 லிட்டர் தொட்டிக்கு இது 15 சதவீதம், போதும். இடம் வேண்டுமே என்று பயோபாலை ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள், அதில் குடியிருக்கிற பாக்டீரியாதான் இப்போது மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சைத் தின்கிறது. வாரத்துக்குக் கால்வாசியாக ஒரு மாசத்தில் எடுங்கள்.

பாசிக்கு கீட்டோமார்ஃபா கேளுங்கள், கடையில் கீட்டோ என்பார்கள், பாத்திரம் தேய்க்கிற பச்சை நைலான் நார் உருண்டை மாதிரியே இருக்கும். ஒரு கைப்பிடி போதும். காலர்ப்பா என்ற இன்னொரு பாசி இன்னும் வேகமாக வளரும், பார்க்கவும் அழகு, ஆனால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். வருஷங்களுக்கு முன்னால் அதை வைத்து இரண்டு மாசம் வெட்டாமல் விட்டிருந்தேன், ஒரு நாள் காலையில் பார்த்தால் தொட்டி முழுக்கப் பால் கலந்த மாதிரி வெள்ளை. இனப்பெருக்கத்துக்காகத் தன் உடம்பில் இருந்ததையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டு, அந்தக் காலர்ப்பா கண்ணாடி போல வெளிறிக் கிடந்தது. ஆக்சிஜன் குறைந்து இரண்டு மீன் செத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படும்.

விளக்குக்குச் செடி வளர்க்கிற எல்இடி ஒன்று 15, 20 வாட்டில் வாங்கி டைமரில் போடுங்கள், ராத்திரி 8 முதல் காலை 8 வரை, அதாவது மேல்தொட்டி இருட்டாக இருக்கும்போது. ராத்திரியில் எல்லா உயிரும் கார்பன் டை ஆக்சைடு விடுவதால் பிஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை அளவு, இறங்கும், கீழே பாசி வெளிச்சத்தில் இருந்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும், இறக்கம் குறையும். ரெஃப்யூஜியத்தின் அடியில் மணல் கட்டாயமில்லை.

நம்ம பக்கம் கரண்ட் போகும், அதனால் இதைக் கவனமாகச் செய்யணும். பம்பு நின்றதும் மேலே இருக்கிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். உங்கள் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 14 லிட்டர். குழாய் வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி இருக்கட்டும், தண்ணீர் இறங்குவது நிற்க அதில் போடுகிற காற்றுத் துளையைப் பாசி அடைத்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். பம்பை நீங்களே நிறுத்திப் பார்த்து, சம்ப் நிரம்பி வழியவில்லை என்று கண்ணால் கண்ட பிறகு தூங்கப் போங்கள்.

இனி முக்கியமான விஷயம். குளத்தில் ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழைக்கு அழுகி மறுபடி குளத்துக்குள்தானே போகும்? இதுவும் அப்படித்தான். பாசி தொட்டிக்குள் இருக்கும்வரை உறிஞ்சிய கழிவும் தொட்டிக்குள்தான் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியைப் பிய்த்து வெளியே எடுங்கள், மிச்சத்தைப் புரட்டிப் போடுங்கள், இல்லையென்றால் அடிப்பக்கம் வெளிச்சம் கிடைக்காமல் அழுகும். எடுத்ததை நல்ல தண்ணீரில் அலசித் தென்னை மூட்டில் போடலாம். ஆற்றிலோ கடலிலோ மட்டும் கொட்டாதீர்கள். 1984இல் மொனாக்கோ கரையோரம் முதலில் தென்பட்ட மீன்தொட்டிக் காலர்ப்பா வகை ஒன்று, பிறகு மத்தியதரைக் கடலில் பரவி ஆயிரக்கணக்கான ஏக்கர் கடலடியைப் பிடித்துக்கொண்டது.

கேள்வி: தேங்காப்பட்டணத்திலிருந்து கடல் தண்ணீரும் பாறையும் எடுத்து வந்து ரெஃப்யூஜியத்தில் போடலாமா?
(வாசகர், கொல்லங்கோடு)

பதில்: தண்ணீர் எடுக்கலாம், ஆனால் பொழிமுகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், குழித்துறை ஆறு அங்கேதான் கடலில் சேர்கிறது. மழைக்காலத்தில் உப்பு ரொம்பக் குறைந்திருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் துறைமுகத்தை விட்டுத் தள்ளிப் போய் எடுங்கள், உப்பின் அளவைக் காட்டுகிற ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா என்று பாருங்கள், துணியில் வடிகட்டி இரண்டு மூன்று வாரம் மூடி வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தொட்டியில் ஆவியாகிக் குறைவதற்குக் கடல் தண்ணீர் ஊற்றக் கூடாது, உப்பு ஏறிப்போகும். ஆர்ஓ தண்ணீர்தான்.

பாறை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். பவளம் எடுப்பது குற்றம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் அது இருக்கிறது, கடல்குதிரையும் இருக்கிறது. லைவ் ராக், அதாவது நுண்ணுயிர் குடியிருக்கிற கடல்பாறை, என்று சொல்லிப் பவள எலும்புக்கூட்டை விற்றால் வாங்காதீர்கள். பீங்கான் கல் போதும், ஆறு வாரத்தில் பாக்டீரியா அதில் குடியேறிவிடும்.

கேள்வி: ரெஃப்யூஜியம் இருந்தால் மாண்டரின் மீன் வளர்க்கலாம் என்கிறார்களே?
(வாசகர், பாறசாலை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அது நாள் முழுக்கக் கோப்பிபாட் என்கிற பொடி உயிரிகளைக் கொத்திக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் வேறு தீவனத்தைத் தொடாது. சின்ன ரெஃப்யூஜியத்தில் பெருகுவதை விட வேகமாகத் தின்று தீர்த்து, பிறகு மெலிந்து சாகும். ஒரு வருஷம் போகட்டும். ராத்திரி விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து மேல்தொட்டியில் டார்ச் அடித்துப் பாருங்கள், கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஓடினால் அப்புறம் யோசிக்கலாம்.